ஓரத்துப் பென்சில் குறிப்புகள்

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கை மாறிக் கை மாறி வாசிக்கப்படும் சுஜாதாவின் கணேஷ்–வசந்த் துப்பறியும் நாவல்களில், பழுப்பேறிய தாளின் ஓரத்தில் வாசகர்கள் பென்சிலால் கிறுக்கி வைத்ததையும் கதையோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். கொலைகாரன் யார் என்ற ஊகம் அங்கே குறைவு. கோடு விழுவது பெரும்பாலும் வசந்தின் குறும்புப் பேச்சுக்குக் கீழேதான். முடிச்சு அவிழ்ந்த கதையை மறுபடியும் கையில் எடுக்க வைப்பது வக்கீல்களான கணேஷும் வசந்தும் பேசிக்கொள்ளும் தாளம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. முடிச்சு ஒருமுறைதான் வேலை செய்யும். தாளம் அப்படியல்ல, தெரிந்த பிறகுதான் கூடுதலாக இனிக்கிறது. ஓரத்தில் கிறுக்குவது புத்தகத்தைப் பழுதாக்கும் பழக்கம் என்பார்கள். மையால் எழுதினால் நானும் ஒத்துக்கொள்வேன். பென்சிலுக்கு அந்த முரட்டுத்தனம் இல்லை, தடவினால் விரலில் கொஞ்சம் சாம்பல் நிறம் ஒட்டும், அவ்வளவுதான். பெண்களைப் பற்றிய வசந்தின் பகிடிகள் இன்று சலிப்பூட்டுகின்றன என்பதும் நியாயமான குறைதான். வாசகர்களும் சும்மா விடவில்லை, அந்த வரிகளின் பக்கத்தில் அழுத்தமான கேள்விக்குறிகள் உண்டு. ‘கொலையுதிர் காலம்’ நாவலில் பேயா விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்துமே ஒத்துப்போவதில்லை. பிறகு வாசகர்கள் மட்டும் எப்படி ஒத்துப்போவார்கள்? ஓரத்தில் ஒருவர் எழுதியதை அடுத்தவர் வெட்டுகிறார், மூன்றாமவர் இருவரையும் திட்டுகிறார்.