பாரிஸ் பொற்சிலையும் நம் நடுகல்லும்

நம் நடுகல் மரபில் உருவம் மட்டும் போதாது. யார், எதற்காகப் போராடினார் என்பதும் கல்லில் இருக்கணும். 2024 ஜூலை 26 அன்று பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், கொட்டும் மழையில், சேன் நதிக்கரையில் எழுந்த பத்துப் பெண்களின் பொற்சிலைகளை இந்த அளவுகோல் கொண்டு பார்க்கலாம்.

அவர்களில் ஒருவர் அலிஸ் மில்லியா (1884–1957), துடுப்புப் படகு வீராங்கனை. ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களுக்கு இடம் மறுக்கப்பட்டபோது, 1921-இல் பன்னாட்டுப் பெண்கள் விளையாட்டுக் கூட்டமைப்பைத் தொடங்கி, மறு ஆண்டே பாரிஸில் பெண்களுக்கெனத் தனி ஒலிம்பிக் நடத்திக் காட்டினார். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஐந்து தடகளப் போட்டிகள் கிடைத்ததற்கு அவருடைய விடாமுயற்சி முக்கியக் காரணம்.

சிலையை நிறுத்தி வைக்காமல் கீழிருந்து மெல்ல எழ வைத்தது நல்ல கற்பனை. படகோட்டிய பெண்ணுக்கு ஆற்றங்கரையும் பொருத்தமே. ஆனா குறையையும் சொல்லணும். எழுத்தாளர், வழக்கறிஞர், வீராங்கனை எல்லாருக்கும் ஒரே பொன் நிறம், ஒரே வரிசை. வியாபாரி கண்ணுக்கு இது முலாம். பளபளப்பு தெரியுது, அவரவர் பட்ட பாடு தெரியலே.

2025-இல் இச்சிலைகள் லா ஷப்பேல் தெருவுக்கு வந்தன. பாரிஸ் தமிழர் கடைவீதிக்கு அருகிலுள்ள பகுதி அது. அவ்வழியே போகும் தமிழ்ச் சிறுமி "இவங்க யாரு?" என்று கேட்டால், அதுதான் இப்படைப்புக்கு உரைகல். பெற்றோருக்குப் பதில் தெரிந்திருக்கணும். கோந்த்வாவில் ஓட்டப் பயிற்சிக்குக் கிளம்பும் மகளை "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று தடுக்கும் நாமும் மில்லியாவின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.