மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ்: தொடக்கக் காலம் (1986–1991)

மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ் தெற்கு வேல்ஸின் பிளாக்வுட் என்னும் சிற்றூரில் 1986-ல் உருவான ராக் இசைக்குழு. 1991 மே மாதம் சோனி குழுமத்தின் கொலம்பியா நிறுவனத்துடன் ஒப்பந்தமாகும் வரையிலான ஐந்தாண்டுகளை இக்குழுவின் தொடக்கக் காலம் எனலாம். இக்காலத்தில் வெளிவந்த இசைத்தட்டுகள் மிகச் சில. பின்னாளில் வந்த 'தி ஹோலி பைபிள்' (1994), 'எவ்ரிதிங் மஸ்ட் கோ' (1996) ஆகிய இசைத்தொகுப்புகளுக்கு முன்னுரையாகவே அவை பெரும்பாலும் பேசப்படுகின்றன. பெரிய நிறுவனத்தின் ஆதரவு இல்லாதபோது இக்குழு எதைச் சாதித்தது, எதில் தவறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்புலம்

பிளாக்வுட், கார்டிஃப் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் சிர்ஹோவி ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ளது. நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த பகுதி அது. 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. அதன்பின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அருகிலிருந்த ஓக்டேல் சுரங்கம் 1989-ல் மூடப்பட்டது.

குழுவினர் அனைவரும் ஓக்டேல் பள்ளியில் படித்தவர்கள். வேலைநிறுத்தம் நடந்தபோது அவர்களுக்கு 15 முதல் 17 வயது வரை இருக்கும். சுரங்க வேலை தங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை என்பது பள்ளியிலேயே தெரிந்துவிட்ட தலைமுறை இது. ஆனால் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் ஊதியத்தில் ஒரு பங்கு கொடுத்து எழுப்பிய நூலகங்களும் மன்றங்களும் அந்தப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்தன. இதே பள்ளத்தாக்கின் மேற்பகுதியிலுள்ள ட்ரெடிகரில் பிறந்த அனூரின் பெவன், 13 வயதில் சுரங்கத்துக்குச் சென்று, தொழிலாளர் நூலகத்தில் படித்து, பின்னர் பிரிட்டனின் தேசிய மருத்துவ சேவையை 1948-ல் நிறுவிய அமைச்சரானவர். படிப்பு என்பது அலங்காரம் அல்ல, ஆயுதம் என்ற எண்ணம் அப்பகுதியில் வேரூன்றியிருந்தது. இக்குழுவின் தொடக்க வரிகளில் நூற்பெயர்களும் அரசியல் சொற்களும் நெருக்கியடித்து நிற்பதற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

குழுவின் உருவாக்கம்

ஜேம்ஸ் டீன் பிராட்ஃபீல்ட் (பாடகர், கித்தார்), அவருடைய உறவுச் சகோதரர் ஷான் மூர் (டிரம்ஸ்), நிக்கி வயர் (முதலில் கித்தார், பின்னர் பேஸ் கித்தார்), மைல்ஸ் வுட்வார்ட் (பேஸ் கித்தார்) ஆகிய நால்வரும் குழுவைத் தொடங்கினர். மூர், பிராட்ஃபீல்டின் வீட்டிலேயே வளர்ந்தவர். ஆகவே ஒத்திகைக்குத் தனி இடம் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. 'ஃபிளிக்கர்' என்று அழைக்கப்பட்ட வுட்வார்ட், குழு பங்க் இசையிலிருந்து விலகுகிறது எனக் கருதி 1988-ல் வெளியேறினார்.

அவர்களுடைய நண்பரான ரிச்சி எட்வர்ட்ஸ் தொடக்கத்தில் வண்டி ஓட்டுவது, கருவிகளைச் சுமப்பது போன்ற வேலைகளைச் செய்தார். பின்னர் குழுவில் நான்காமவராகச் சேர்ந்தார். அவருக்குக் கித்தார் சரியாக வாசிக்கத் தெரியாது. அதை அவர் மறைக்கவும் இல்லை. எட்வர்ட்ஸும் வயரும் ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தில் அரசியல் தொடர்பான பாடங்களைப் படித்தவர்கள். அவர்கள் இருவரும் வரிகளை எழுத, பிராட்ஃபீல்டும் மூரும் இசையமைப்பது என்ற வேலைப் பிரிவினை இவ்வாறு அமைந்தது.

முதல் இசைத்தட்டுகள்

முதல் தனிப்பாடலான 'சூசைட் ஆலி' கார்டிஃபில் பதிவு செய்யப்பட்டு, சொந்தச் செலவில் 300 படிகள் மட்டும் வெளியிடப்பட்டது. அதன் உறைப்படம் தி கிளாஷ் குழுவின் முதல் இசைத்தொகுப்பின் உறையை வெளிப்படையாகப் பின்பற்றியது. படத்தை எடுத்தவர் எட்வர்ட்ஸ். இத்தட்டுகள் இசை இதழாளர்களுக்கு நீண்ட கடிதங்களுடன் அனுப்பப்பட்டன. 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழில் ஸ்டீவன் வெல்ஸ் அதைப் பாராட்டி எழுதினார்.

1990-ல் டேமேஜ்டு குட்ஸ் என்னும் சிறு நிறுவனம் நான்கு பாடல்கள் கொண்ட 'நியூ ஆர்ட் ரயட்' தட்டை வெளியிட்டது. அதன்பின் ஃபிலிப் ஹால் குழுவின் மேலாளரானார். லண்டனில் தம் வீட்டிலேயே குழுவினரைத் தங்கவைத்தார். ஹெவன்லி என்னும் மற்றொரு சிறு நிறுவனம் 1991 ஜனவரியில் 'மோட்டவுன் ஜங்க்', அதே ஆண்டு மே மாதத்தில் 'யூ லவ் அஸ்' ஆகிய தனிப்பாடல்களை வெளியிட்டது.

இசை

'சூசைட் ஆலி'யை இன்று கேட்டால் அது ஒரு நகல் என்பது உடனே புலப்படும். 1977-ன் லண்டன் பங்க் இசையைப் பத்தாண்டுகள் கழித்துத் தொலைவிலிருந்து கேட்டுப் படித்தவர்களின் பாடல் அது. வேகம் உண்டு, ஆனால் அந்த வேகத்துக்கான காரணம் பாடலுக்குள் இல்லை. 'நியூ ஆர்ட் ரயட்' அதைவிடக் கனமானது என்றாலும் நான்கு பாடல்களும் ஒரே பாடலின் நான்கு முயற்சிகள் போல ஒலிக்கின்றன.

'மோட்டவுன் ஜங்க்' பாடலில் நிலைமை மாறுகிறது. நியூயார்க் ராப் குழுவான பப்ளிக் எனிமியின் குரல் துணுக்குடன் அது தொடங்குகிறது. கன்ஸ் அன்ட் ரோசஸ் குழுவின் இசைத்தட்டோடு சேர்ந்து வாசித்து பிராட்ஃபீல்ட் பெற்ற கித்தார் பயிற்சி இங்கு முழுமையாக வெளிப்படுகிறது. பங்க் ரசிகர்கள் வெறுத்த ஹெவி மெட்டல் கித்தாரும், வெள்ளை ராக் குழுக்கள் அதிகம் கண்டுகொள்ளாத ராப் இசையின் சீற்றமும் பங்க்கின் வேகத்தோடு ஒரே பாடலில் சேர்கின்றன. மூன்று நகல்கள் ஒன்றோடொன்று மோதும்போது நகல் அல்லாத ஒன்று பிறக்கிறது. இக்குழுவின் சொந்தக் குரல் என்று சொல்லத்தக்கது முதன்முதலாகக் கேட்பது இங்கேதான்.

வரிகள்

மெட்டுக்கு வரி எழுதுவது ஒரு முறை. வரிக்கு மெட்டு அமைப்பது மற்றொரு முறை. இக்குழு இரண்டாவது முறையைக் கடைசி எல்லை வரை கொண்டுசென்றது. எழுதியவர்கள் அசைகளை எண்ணி எழுதவில்லை. பெயர்ச்சொற்கள் அடுக்கடுக்காக வரும், வினைச்சொல் காணாமல் போகும். பிராட்ஃபீல்ட் அவற்றை ஒரே மூச்சில் அடக்கிப் பாட வேண்டியிருந்தது. அழுத்தம் விழக் கூடாத அசையில் அழுத்தம் விழுகிறது. சொற்கள் நடுவில் முறிகின்றன. என்ன பாடுகிறார் என்று உறையிலுள்ள வரிகளைப் பார்த்தே அறிய வேண்டிய இடங்கள் பல.

இது குறைதான். குறிப்பாக ஜான் லெனனின் கொலையைக் கேலி செய்யும் 'மோட்டவுன் ஜங்க்' வரி போன்றவை அதிர்ச்சிக்காகவே எழுதப்பட்டவை. அதிர்ச்சி தீர்ந்ததும் அவற்றில் மிஞ்சுவது சிறிதே. ஆனால் இதே நெருக்கடியிலிருந்துதான் பிராட்ஃபீல்டின் பாடும் முறை உருவானது. பாட முடியாத வரியைப் பாடிப் பழகிய தொண்டை அது. 'தி ஹோலி பைபிள்' தொகுப்பில் மிகக் கடினமான உரைநடை வரிகளுக்கு அவர் அமைத்த இசை இந்தப் பயிற்சி இல்லாமல் சாத்தியமில்லை.

மொழி

இதே ஆண்டுகளில் அன்ரெவ்ன், டட்பிளிகி போன்ற குழுக்கள் வெல்ஷ் மொழியில் பங்க் இசையையும் பரிசோதனை இசையையும் உருவாக்கிவந்தன. 1988-ல் தொடங்கப்பட்ட ஆங்க்ஸ்ட் என்னும் சிறு நிறுவனம் அத்தகைய குழுக்களின் இசையை வெளியிட்டது. அக்குழுக்களுக்கு வெல்ஷ் மொழியில் பாடுவதே ஓர் அரசியல் நிலைப்பாடு. மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ் அந்த வட்டத்துக்கு வெளியே நின்று ஆங்கிலத்தில் பாடியது. வேல்ஸ் அடையாளத்தை அது முன்னிறுத்தவும் இல்லை.

இதைத் துரோகமாகக் காண்பது எளிது. ஆனால் தென்கிழக்குப் பள்ளத்தாக்குகளில் தொழில்மயமாக்கத்தின் விளைவாகப் பல தலைமுறைகளுக்கு முன்பே ஆங்கிலம் வீட்டுமொழியாகிவிட்டது. அவர்களிடம் இருந்த மொழியில் அவர்கள் பாடினார்கள். எனினும், தொடக்கப் பாடல்களில் வரும் நகரங்கள் பெரும்பாலும் பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் படித்த நகரங்களே. பிளாக்வுட்டின் தெரு அவற்றில் இல்லை. சொந்த மண்ணைப் பாடுபொருளாக்க இக்குழுவுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. 1998-ல் வந்த இசைத்தொகுப்பின் தலைப்பை அவர்கள் அனூரின் பெவனின் கூற்றிலிருந்து எடுத்தார்கள்.

நார்விச் நிகழ்வு

1991 மே 15 அன்று நார்விச் நகரில் நிகழ்ச்சி முடிந்தபின், இதழாளர் ஸ்டீவ் லமாக் இக்குழுவின் உண்மைத்தன்மை குறித்து எட்வர்ட்ஸிடம் ஐயம் எழுப்பினார். பேச்சின்போது எட்வர்ட்ஸ் தம் முன்கையில், தாங்கள் உண்மையானவர்கள் என்று பொருள்படும் சொற்களைக் கீறிக்கொண்டார். அவர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அந்தப் புகைப்படம் இதழில் வெளியாகி உலகெங்கும் பரவியது. அடுத்த சில நாட்களில் கொலம்பியா ஒப்பந்தம் கையெழுத்தானது.

இவ்விரு நிகழ்வுகளும் அடுத்தடுத்து வந்ததால், ஒன்று மற்றொன்றின் விலை என்பது போன்ற ஒரு கதை உருவாகிவிட்டது. ராக் இசை பற்றிய எழுத்துகளில் இன்றும் இக்காட்சி வீரச்செயலாக விவரிக்கப்படுவதுண்டு. இது இரு வகையில் தவறானது. ஒன்று, ஒப்பந்தத்துக்கு வழிவகுத்தவை ஐந்தாண்டு உழைப்பும், ஃபிலிப் ஹாலின் முயற்சியும், ஹெவன்லி வெளியிட்ட பாடல்களும். இரண்டு, அது கலைச் செயல் அல்ல, ஓர் இளைஞரின் துயரம். எட்வர்ட்ஸ் 1994-ல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1995 பிப்ரவரி 1 முதல் காணாமல் போனார். 2008-ல் இறந்தவராகக் கருதப்படுவதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டார். பின்னால் நடந்தவற்றை அறிந்தபின், அப்புகைப்படத்தை விளம்பரச் சின்னமாகப் பயன்படுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை. லமாக்கின் கேள்வி நியாயமானது. அதற்கான பதில் பாடல்களில் தேடப்பட வேண்டியது, ஒருவரின் உடலில் அல்ல.

மதிப்பீடு

முதல் இசைத்தொகுப்பைக் கோடிக்கணக்கில் விற்றுவிட்டுக் குழுவைக் கலைத்துவிடுவோம் என்று இவர்கள் பேட்டிகளில் கூறினர். 1992 பிப்ரவரியில் வெளிவந்த 'ஜெனரேஷன் டெரரிஸ்ட்ஸ்' 18 பாடல்களுடன் வந்தது. பிரிட்டன் பட்டியலில் 13-ஆம் இடத்தைப் பிடித்தது. சொன்னது நடக்கவில்லை, குழுவும் கலையவில்லை. இதை வைத்து இக்குழுவின் தொடக்கக் காலத்தை வெறும் வாய்ச்சவடால் என்று ஒதுக்கிய விமர்சகர்கள் உண்டு.

ஆனால் அந்தச் சவடால் யாருக்கு எதிராகச் சொல்லப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மூடப்பட்ட சுரங்கங்களின் ஊரிலிருந்து வருபவர்கள் அடக்கமாக இருக்க வேண்டும், கிடைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு எதிரான பேச்சு அது. அவர்களுடைய இசை அப்பேச்சுக்கு ஈடாக வளர மேலும் மூன்றாண்டுகள் ஆயின. 1986–1991 காலத்தில் அவர்கள் உருவாக்கிய தரமான பாடல்கள் என்று 'மோட்டவுன் ஜங்க்', 'யூ லவ் அஸ்' ஆகிய இரண்டை மட்டுமே சொல்ல முடியும். ஐந்தாண்டுகளுக்கு இது குறைந்த விளைச்சல்தான். எனினும் எழுத்தும் இசையும் தனித்தனிக் கைகளில் இருக்கும் அவர்களுடைய வேலைமுறை, படிப்பின் மீதான மதிப்பு, கேட்பவரின் அறிவைக் குறைத்து மதிப்பிடாத பிடிவாதம் ஆகிய மூன்றும் இக்காலத்திலேயே உறுதிப்பட்டன. பின்னாளில் வந்த சிறந்த தொகுப்புகள் இம்மூன்றின் மீதே நிற்கின்றன.

இக்குழுவைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் 'மோட்டவுன் ஜங்க்' பாடலில் தொடங்கி, பின்னோக்கிச் சென்று 'சூசைட் ஆலி'யைக் கேட்கலாம். இடைப்பட்ட மூன்றாண்டுகளில் ஒரு குழு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பது அப்போது தெரியும்.