சாத்தனூர்க் கல்மரம்

வியட்நாமின் ஹாலோங் விரிகுடாவில் கடலுக்குள் நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்க்க நம்மவர்கள் ஆவலோடு விமானம் ஏறுகிறார்கள். ஆனால் அதுபோலவே பழங்கடல் விட்டுச் சென்ற ஓர் அதிசயம் நம் பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்திலேயே இருக்கிறது.

சாத்தனூரில், வெயில் காயும் புன்செய் நடுவே ஓர் ஓடை. அதில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது ஒரு மரம். தொட்டால் கல். ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலத்தில் கடல் இருந்தது. கரையில் வளர்ந்த ஊசியிலை மரம் நீரில் அடித்துவரப்பட்டுச் சேற்றில் புதைந்தது. காற்றுப் படாததால் மட்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல மெல்ல மரத்திசுவின் இடத்தைப் பிடித்தது. மரம் போனது, அதன் வடிவம் நிலைத்தது.

1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் இதை உலகுக்கு அறிவித்தார். இன்று இது தேசியப் புவியியல் சின்னம்.

அப்படியே அரியலூர்ப் பக்கம் போய் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தையும் பாருங்கள். சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தரும் அதே மண்தான் கடலுயிர்களின் எச்சங்களையும் காத்து வைத்திருக்கிறது.

திருச்சி நெடுஞ்சாலையில் போகும்போது பிள்ளைகளோடு இங்கே இறங்குங்கள். பாடப்புத்தகம் தராத வியப்பை இந்த மரம் தரும். ஒரு சில்லைக்கூடப் பெயர்த்து எடுக்காதீர்கள்.