சிங்கமீனின் நிதானம்

சிங்கமீன் என்றாலே எல்லோரும் விஷத்தைத்தான் பேசுவார்கள். எனக்கென்னவோ அதன் நிதானத்தின் மேல்தான் கிறக்கம். இந்தோ-பசிபிக் பவளப்பாறைகளில் பகல் முழுக்க ஏதாவதொரு பாறை விளிம்புக்கு அடியில், பெரும்பாலும் தலைகீழாகவே, அசையாமல் கிடக்கும். பொழுது சாயும்போதுதான் வேட்டைக்குக் கிளம்பும்.

அப்போதும் துரத்தல் கிடையாது. மார்புத் துடுப்புகள் இரண்டையும் அகல விரித்து, ஒரு சின்ன மீனை மெல்ல மெல்லப் பாறை ஓரத்துக்கு ஒதுக்கும். சில வேளைகளில் வாயைக் குவித்து அதன் மேல் தண்ணீரைப் பீய்ச்சும். ஓடும் தண்ணீரை எதிர்த்து முகம் திருப்புவது மீன்களின் சுபாவமாயிற்றே! இரையும் திரும்பும், அதன் தலை நேராக வேட்டைக்காரனின் வாய்க்கு எதிரே வந்து நிற்கும். தலைப்பக்கமாக விழுங்கினால் முள்ளும் துடுப்பும் தொண்டையில் குத்தாது. வாய் திறந்து மூடியதைக் கண் பிடிக்காது. அங்கே இருந்த மீனைக் காணோம் என்பதுதான் தெரியும்.

மேனியெங்கும் ஓடும் செங்கோடுகளும் வெறும் பகட்டில்லை. நீருக்குள் இறங்க இறங்க முதலில் தொலைவது சிவப்பு வெளிச்சம். ஆழத்தில் இந்தக் கோடுகள் கருநிழலாகப் பாறையோடு கலந்துவிடும். மனிதர் கைபட்டு அட்லாண்டிக்குக் குடிபெயர்ந்த இனத்தை 300 மீட்டர் ஆழத்திலும் பார்த்திருக்கிறார்கள்.

இனி முட்கள். முதுகில் 13, வயிற்றுத் துடுப்புகளில் 2, குதத் துடுப்பில் 3, ஆக 18 நச்சு முட்கள். பார்த்தவரை மிரட்டும் அந்த விசிறித் துடுப்புகளிலோ துளி விஷமில்லை! முள்ளின் நெடுக இரு பள்ளங்கள், பள்ளத்தில் சுரப்பித் திசு, அதன் மேல் மெல்லிய தோலுறை. விஷத்தைப் பிதுக்கித் தள்ளத் தசை ஏதும் கிடையாது. முள் சதையில் இறங்கும்போது உறை பின்னுக்குச் சுருண்டு, சுரப்பி நசுங்கி, பள்ளம் வழியே நஞ்சு காயத்தில் ஏறுகிறது. அழுத்துகிற வேலையை மிதித்தவரே செய்து கொடுக்கிறார். வலி உயிர் போகும். ஆனால் நஞ்சு புரதம். பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காயத்தை அமிழ்த்தினால் வேதனை தணியும்.

சதையில் விஷமே இல்லை. கரீபியத் தீவுகளில் முட்களைக் கத்தரித்துவிட்டு வறுத்துத் தின்கிறார்கள்.