மலைமேல் ஒரு மச்சு வீடு

"அம்மா, இந்தத் தடவை நீங்க வரும்போது ஆர்வி எடுக்கிறோம்" என்று மகள் போனில் சொன்னதும், முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன்தான் என் கண்முன் வந்து நின்றார். எங்கள் வீட்டில் அவரை ஆர்.வி. என்றுதான் சொல்வார்கள். அவரை எங்கே போய் எடுப்பது என்று நான் குழம்பிக்கொண்டிருக்கையில், "அதாம்மா, வேனுக்குள்ளேயே வீடு இருக்குமே" என்றாள்.

அந்த வேன் வீட்டில் ஆறு ராத்திரி, ஏழு பகல் குடியிருந்துவிட்டு வந்திருக்கிறேன். அறுபத்திரண்டு வயதில் காசிக்குப் போயிருக்கிறேன், சிங்கப்பூர் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பயணம் போனதில்லை, போனதில்லை, போனதே இல்லை. மதுரைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. "போதும் உன் ஆர்வி புராணம்" என்று தங்கச்சி போனை வைத்துவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

மகள் இருப்பது அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் தலைநகரமான டென்வரில். மைல் உயர நகரம் என்று அதற்குப் பட்டப்பெயர். கடல்மட்டத்திலிருந்து 5,280 அடி, கச்சிதமாக ஒரு மைல். சட்டமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் அந்த மைலைக் குறித்து வைத்திருக்கிறார்கள், அதுவும் மூன்று இடத்தில்! முதலில் பதினைந்தாவது படி என்றார்கள். பிறகு அளந்து பதினெட்டாவது என்றார்கள். 2003இல் மறுபடி அளந்து பதின்மூன்றாவது என்று முடித்தார்கள். பேரன் மூன்றிலும் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். நம் ஊட்டி இதைவிட உயரம்தான். ஆனால் ஊரின் மேற்கே வானத்தின் பாதியை அடைத்துக்கொண்டு ராக்கி மலைத்தொடர் நிற்கிறது பாருங்கள், ஜூன் மாதத்திலும் தலையில் பனியோடு! அதைப் பார்த்த கண்ணுக்கு உட்கார்ந்திருக்கப் பிடிக்காது.

ஊர் ஓரத்தில் ஒரு வாடகை நிலையத்தில் வண்டி எடுத்தோம். சொந்த வண்டியை நாள் வாடகைக்கு விடுகிற குடும்பங்களும் உண்டாம். மாப்பிள்ளைதான் எல்லாம் விசாரித்தார். நாள் வாடகை தனி, ஓடுகிற மைலுக்குத் தனி, ஜெனரேட்டர் ஓடும் மணிக்குத் தனி, தட்டுமுட்டுச் சாமானும் படுக்கையும் வேண்டுமென்றால் அதற்கும் தனி. கூட்டிப் பார்த்தால் சிக்கனப் பயணம் என்று சொல்ல முடியாது. கேலனுக்கு எட்டு ஒன்பது மைல்தான் கொடுக்கும், நம் கணக்கில் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்கூட வராது. அதைக் கேட்டு என் வீட்டுக்காரருக்கு வியர்த்தது. நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஏனென்றால் அதற்குள் நான் வண்டிக்குள் ஏறிவிட்டேன்.

இருபத்தைந்து அடி நீளம். மூன்று கண் அடுப்பு, சாம்பார் வாளி கழுவுகிற அளவுக்குத் தொட்டி, பாதி ஆள் உயரத்துக்கு ஃபிரிட்ஜ், கக்கூஸ், ஷவர், பின்னால் இருவர் படுக்கக் கட்டில், சாப்பாட்டு மேஜையை மடக்கினால் இன்னொரு படுக்கை. எல்லாவற்றுக்கும் மேலே, டிரைவர் தலைக்கு மேலே ஒரு மச்சு! ஏணி வைத்து ஏறவேண்டும். எங்கள் பாட்டி வீட்டு மச்சு மாதிரியே குனிந்துதான் போகவேண்டும். பேரன் ஏறிப் படுத்துக்கொண்டு, "அம்மாச்சி, இது எனக்கு!" என்று அறிவித்துவிட்டான்.

ஓடும்போது எழுந்துபோய் டீ போடலாம் என்று நினைத்திருந்தேன். கூடாது. எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார வேண்டும், மச்சிலிருக்கும் ஆளும் கீழே இறங்கியாக வேண்டும். இன்னொரு பாடம், எந்தக் கதவையும் சாத்தினால் மட்டும் போதாது, கொக்கி விழுந்ததா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். நிலையத்துப் பையன் இதை மூன்று முறை சொன்னான். நான் தலையாட்டினேன். முதல் வளைவிலேயே அலமாரி திறந்து, மதுரையிலிருந்து சுமந்துவந்த ரசப்பொடி அரைக்கிலோ தரையில் கொட்டியது. ஏழு நாளும் எங்கள் வீடு மிளகும் சீரகமுமாக மணந்ததற்கு அதுதான் காரணம். "பரவாயில்லை அத்தை, இனிமே கரடி கிட்டவே வராது" என்றார் மாப்பிள்ளை. உண்மையில் அங்கே கரடி உண்டு. சாப்பாட்டை வெளியே விட்டுவைக்கக் கூடாது என்பது கண்டிப்பான சட்டம்.

முதல் இரண்டு ராத்திரி ராக்கி மலை தேசியப் பூங்காவுக்குள், கிளேசியர் பேசின் முகாமில். எஸ்டெஸ் பார்க் என்ற சிற்றூரைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே குன்றின்மேல் வெள்ளைவெளேரென்று நிற்கும் ஸ்டான்லி ஓட்டல் 1909இல் திறந்தது, ஸ்டீபன் கிங் தன் பேய்க்கதைக்குக் கரு எடுத்த இடம். மகள் இறங்கிப் பார்க்கலாம் என்றாள். எனக்கு என் வீட்டை விட்டு இறங்க மனமில்லை.

முகாமில் மின் இணைப்பு கிடையாது, தண்ணீர் இணைப்பு கிடையாது. பைன் மரங்கள், ஒரு மேஜை, நெருப்பு மூட்ட ஒரு வளையம், அவ்வளவுதான். வண்டியின் பேட்டரியும் எரிவாயு உருளையும் தண்ணீர்த் தொட்டியும்தான் நம் சொத்து. ஜெனரேட்டரைக் குறித்த நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்தவர். ஊருக்கே பவர்கட் கொடுத்த மனுஷன், இங்கே பேட்டரி அளவைப் பார்த்துப் பார்த்து "அந்த லைட்டை அணை, இந்த லைட்டை அணை" என்று துடித்ததைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு திருப்தி.

எங்கள் கொடைக்கானல் பயணங்களை நினைத்துக்கொண்டேன். விடியலில் வேன் பிடித்து, மதியத்துக்குள் எட்டு பாயிண்ட் பார்த்து, வெயில் சாய்கிறபோதே டிரைவர் "இருட்டறதுக்குள்ள இறங்கணும்மா" என்று ஹாரன் அடிப்பார். மலை அழகாக ஆரம்பிக்கிற நேரத்தில் நாம் வத்தலக்குண்டு நோக்கி இறங்கிக்கொண்டிருப்போம். இங்கேயும் சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் கார்கள் வரிசையாக இறங்கின. சாலை காலியானது. நாங்கள் மட்டும் இறங்கவில்லை. எங்கே இறங்குவது, வீடே அங்கேதானே இருக்கிறது!

அப்புறம்தான் எல்க் மான்கள் வந்தன. ஒவ்வொன்றும் நம் ஊர்க் காளை உயரம். முப்பது நாற்பது உருப்படி புல்வெளியில் இறங்கி, சத்தமே இல்லாமல் மேய்ந்தன. வேனிலில் புதிதாக முளைக்கிற கொம்புமேல் வெல்வெட் மாதிரி ஒரு தோல் போர்த்தியிருந்தது. பிறந்து சில நாளே ஆன ஒரு குட்டி தாயின் காலுக்கிடையில் நின்று எங்களையே பார்த்தது. பின்னால் பனிச் சிகரங்கள் ஆரஞ்சாகி, ரோஜாவாகி, சாம்பலாகின. கையில் டபரா டம்ளரில் காபி. வண்டிக்காரன் ஹாரன் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதற்காக எத்தனை கேலன் வேண்டுமானாலும் குடித்துத் தொலையட்டும் அந்த வண்டி.

சமையலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது, தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. டென்வரில் 95 டிகிரியிலேயே கொதிக்கும். நாங்கள் இருந்த 8,500 அடியில் 91 அல்லது 92தான். தளபுளவென்று கொதிக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது, பருப்பு கல்லாகவே இருக்கும். பக்கத்து இடத்தில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பாட்டி பீன்ஸை ஒரு மணி நேரமாக வேகவைத்துக்கொண்டிருந்தார். நான் என் மூன்று லிட்டர் குக்கரை வெளியே எடுத்தேன். வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட, துவரம்பருப்பு வெண்ணெயாகிவிட்டது. பைன் காட்டில் விசில் சத்தம் கேட்டு மூன்று வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பாட்டியின் பீன்ஸையும் வாங்கி நாலு விசில் விட்டுக் கொடுத்தேன். டென்வர் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு குக்கர் வாங்கப்போவதாகச் சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் டிரெயில் ரிட்ஜ் சாலை. 48 மைல். அதில் பதினோரு மைல் மரமே வளராத உயரத்தில் போகிறது. உச்சி 12,183 அடி. நம் தொட்டபெட்டாவை இன்னொரு 3,500 அடி தூக்கி நிறுத்தினால் எப்படியோ அப்படி! வருஷத்தில் பாதிக்கு மேல் பனி மூடிக் கிடக்கும். மே கடைசியில் வெட்டித் திறப்பார்கள், அக்டோபர் வாக்கில் மறுபடி மூடிவிடும். கோடையில் போவதென்றால் நுழைவு நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டும். பல இடங்களில் ஓரத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. என் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே வெறும் ஆகாயம்தான். காற்று மெலிய மெலிய எஞ்சினுக்கும் மூச்சு வாங்கியது. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய மூன்று சதவீதம் பலம் குறையுமாம். உச்சிக்குப் போகும்போது மூன்றில் ஒரு பங்கு போய்விட்டிருக்கும். பேரனின் சிப்ஸ் பாக்கெட் தலையணையாக உப்பிவிட்டது. எனக்கும் லேசாகத் தலை கனத்தது. சாலையோரம் ஆளுயரத்துக்கு மேல் பனிச் சுவர். தரையில் விரல் நுனியளவு நீலப் பூக்கள். அவற்றை மிதித்தால் மறுபடி முளைக்கப் பல பத்தாண்டு ஆகும் என்பதால் பாதையை விட்டு இறங்கவே விடுவதில்லை. பிற்பகலில் இடி மின்னல் வந்துவிடும், மதியத்துக்குள் தாண்டிவிடுவது நல்லது.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிச் செத்துப்போகும். கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது. கீழே சமவெளியில் ஓர் ஓடை. தம் பிடித்துத் தாண்டிவிடலாம் போலிருந்தது. அதுதான் கொலராடோ ஆறு என்றாள் மகள். அந்தச் சின்னப் பிள்ளைதான் கீழே போய்ப் பெரியாளாகி கிராண்ட் கேன்யனை அறுத்துத் தள்ளியதாம். காலை நனைத்துக்கொண்டேன்.

கிராண்ட் லேக்கில் ஒரு ராத்திரி, லெட்வில்லில் ஒரு ராத்திரி. லெட்வில் 10,150 அடிக்கு மேலே இருக்கிற பழைய வெள்ளிச் சுரங்க ஊர். 1882இல் ஆஸ்கார் வைல்டு வந்து சுரங்கத் தொழிலாளிகளுக்கு அழகியல் பற்றிப் பேசியிருக்கிறார். இரண்டு இடத்திலும் மின் இணைப்பு இருந்தது. 30 ஆம்பியர், 120 வோல்ட். ஏசியும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடினால் ட்ரிப் ஆகும் என்று என் வீட்டுக்காரர் விடிய விடிய எல்லோருக்கும் வகுப்பு எடுத்தார். துணி துவைத்தோம், வேறொன்றும் இல்லை.

லெட்வில்லில்தான் கழிவுத் தொட்டியைக் காலி செய்தோம். கக்கூஸ் தண்ணீருக்குக் கறுப்புத் தொட்டி, குளித்த, கழுவிய தண்ணீருக்குச் சாம்பல் தொட்டி. முதலில் கறுப்பைத் திறக்க வேண்டும், பிறகு சாம்பல், அப்போதுதான் அந்தத் தண்ணீர் குழாயை அலசிவிடும். கையுறை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை குனிந்தார். "நீங்க விடுங்க மாப்பிள்ளை" என்று இவர் முன்னால் வர, "வேண்டாம் மாமா" என்று அவர் தடுக்க, கல்யாணப் பந்தியில் இலை எடுக்கப் போட்டி போடுவது மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் இருவரும் சேர்ந்தே செய்தார்கள். பத்து வருஷமாக மரியாதையாக மட்டும் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர், அன்று சாயங்காலம் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு வந்தார்கள்.

கடைசி இரண்டு ராத்திரி பெரிய மணல்குன்றுகள் தேசியப் பூங்கா. மலையடிவாரத்தில், கடலே இல்லாத இடத்தில், எழுநூறு அடிக்கு மேல் உயரமாக மணல்! வட அமெரிக்காவில் இதைவிட உயரமான மணல்மேடு கிடையாது. அதன் காலடியில் மெடானோ ஓடை ஓடுகிறது. பனி உருகுகிற மே கடைசி, ஜூன் தொடக்கத்தில்தான் அதில் நல்ல தண்ணீர். அந்த ஓடையில் அலை அடிக்கிறது என்றால் நம்புவீர்களா? தண்ணீருக்கடியில் மணல் வரப்பு வரப்பாகச் சேர்ந்து நீரைத் தேக்கும், தாங்காமல் உடையும், உடனே ஓர் அலை புரண்டு வரும். கொஞ்ச நேரத்தில் அடுத்தது. ராமேஸ்வரத்தில் நின்றதுபோலப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் பேரனும் ஓடையின் நடுவில் உட்கார்ந்துவிட்டோம். நடு மதியம் மணல் காலைப் பொசுக்கும். பகல் பயணிகள் பாதிக் குன்றில் மூச்சிரைத்துத் திரும்பிப் போனார்கள். நாங்கள் புளிசாதம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, வெயில் சாய்ந்தபின் ஆற அமர ஏறினோம்.

அன்று ராத்திரி விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, போர்வையோடு வெளியே படுத்தோம். பால்வீதி என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அப்படியே மேலே கொட்டிவைத்திருந்தது. "அம்மாச்சி, ரசப்பொடி கொட்டின மாதிரி இருக்கு" என்றான் பேரன். இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

அறுநூறு மைல் சொச்சம் ஓடி, வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். நிலையத்துப் பையன் உள்ளே ஏறி மூக்கை உறிஞ்சினான், ஒன்றும் சொல்லவில்லை. மகள் வீட்டுச் சமையலறையில் அன்று ராத்திரி ஒவ்வோர் அலமாரியையும் சாத்திவிட்டு, கொக்கி விழுந்ததா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூங்கா முகாமுக்கு ஆறு மாதம் முன்னால்தான் பதிவு திறக்கும், நல்ல இடமெல்லாம் நிமிஷத்தில் போய்விடும். மாப்பிள்ளை அந்தத் தேதிக்குப் போனில் அலாரம் வைத்திருக்கிறார். நானும் மதுரை நேரத்துக்கு மாற்றி என் போனில் வைத்திருக்கிறேன். அவர் மறந்துவிட்டால்?