காட்சியும் சாட்சியும்: யாழ்ப்பாணத்துச் சமய அனுபவத்தை ஆராய்தல்

யாழ்ப்பாணத்துச் சைவத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி நூல்களையும் கோயில்களையும் சாதி அமைப்பையும் பற்றியது. சமய அனுபவத்தையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட எழுத்து மிகச் சொற்பம். அனுபவம் எத்தகைய அறிவு, அதற்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்று ஆராய்வதற்கான தத்துவக் கருவி எங்கள் சாத்திரத்திலேயே இருக்கிறது. ஆராயத்தக்க அனுபவச் செல்வமும் எங்கள் ஊர்களிலே இருந்திருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலைதான் நடக்கவில்லை.

மேலைநாட்டில் இத்துறைக்கு வழி திறந்தவர் அமெரிக்க மெய்யியலாளரும் உளவியலாளருமான வில்லியம் ஜேம்ஸ் (1842–1910). எடின்பரோவில் அவர் ஆற்றிய கிஃபோர்ட் சொற்பொழிவுகள் 1902இல் ‘சமய அனுபவத்தின் வகைகள்’ என்ற நூலாயின. கோட்பாடுகளை ஒதுக்கிவிட்டு, கடிதங்கள், நாட்குறிப்புகள், மனமாற்றக் கதைகள் ஆகியவற்றை அவர் சான்றாக எடுத்தார். ஞான அனுபவத்துக்கு நான்கு இலக்கணம் கூறினார்: சொல்லில் அடங்காமை, அறிவு தருதல், நெடுநேரம் நில்லாமை, தன்னைவிடப் பெரிய ஒன்றால் ஆட்கொள்ளப்பட்ட உணர்வு. பின்னர் அவர் வகுத்த தீவிர அனுபவவாதம் இந்த ஆய்வுக்கு அடித்தளம் இட்டது. அனுபவத்தில் வராத எதையும் தத்துவத்துள் சேர்க்கக் கூடாது, அனுபவத்தில் வந்த எதையும் தள்ளவும் கூடாது என்பது அதன் முதல் விதி. பொருள்கள் மட்டுமன்றி அவற்றுக்கு இடையிலான உறவுகளும் நேரே அனுபவிக்கப்படுகின்றன என்பது இரண்டாவது. இக்கட்டுரைகள் அவர் மறைந்தபின் 1912இல் தொகுதியாக வந்தன.

சைவ சித்தாந்தம் கற்றவருக்கு இது முற்றிலும் புதிய நிலமன்று. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் அளவை இயலோடு தொடங்குகிறது. காட்சி, கருதல் (அனுமானம்), உரை (நூற்சான்று) என்ற மூன்று அளவைகளுள், அதாவது அறியும் வழிகளுள், காட்சியை அவர் நான்காக விரிக்கிறார்: வாயிற்காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி. ஐம்பொறி காட்டுவது மட்டுமே காட்சி என்ற குறுகிய வரம்பு இங்கே இல்லை. உயிர் தன் இன்ப துன்பத்தை உணர்வதும், யோகி இடமும் காலமும் கடந்து அறிவதும் காட்சியே. பெயர், சாதி முதலிய வேறுபாடுகள் தோன்றுமுன் பொருள் ‘உள்ளது’ என்ற அளவில் புலப்படும் நிருவிகற்பக் காட்சியையும் சித்தாந்தம் பேசுகிறது. இன்னது என்று பிரியாமல் ‘இது’ என்று மட்டும் நிற்கும் ஜேம்ஸின் தூய அனுபவம் இதற்கு மிக நெருக்கமானது.

ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. உணர்வு என்று தனிப்பொருள் ஒன்று கிடையாது என்று ஜேம்ஸ் 1904இல் வாதிட்டார். சித்தாந்தத்துக்கு உயிர் என்றும் உள்ள பொருள். சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது. தவிர, சித்தாந்தத்தில் அனுபவம் உரை அளவைக்கும் உட்பட்டது. ஆகமத்துக்கு மாறான அனுபவத்தை அது எளிதில் ஏற்காது.

யாழ்ப்பாணத்தின் 19ஆம் நூற்றாண்டுச் சமயப் போர் முழுவதும் இந்த உரை அளவையைச் சுற்றியே நடந்தது. அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியது. அங்கு பணியாற்றிய மிஷனரி ஹொய்சிங்டன், சித்தாந்தத்தின் மூலநூலான சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். அதே ஆண்டில், மிஷனரிமாரின் கண்டனங்களுக்கு மறுப்பாக, சைவ அறிஞர் ஆறுமுக நாவலரின் சைவதூஷண பரிகாரம் வந்தது. வேதாகமமா சிவாகமமா என்பதே வழக்கு. எந்தப் பக்கத்திலும் சான்று நூல்தான். 1867இல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் ‘திருவருட்பா’ என்ற பெயரில் அச்சேறியபோது நாவலர் அதையும் எதிர்த்தார். திருமுறைகளுக்கே உரிய மதிப்பைச் சமகாலத்தவர் ஒருவரின் பாடலுக்குத் தரலாகாது என்பது அவர் நிலை. அந்த வழக்கு நீதிமன்றம்வரை போனது. அதைத் தனிமனிதப் பகையாக வாசிப்பது வழக்கம். நான் அதை வேறுவிதமாக வாசிக்கிறேன்: உயிரோடிருக்கும் ஒருவரின் அனுபவம் சமூகத்துக்குப் பிரமாணம் ஆகுமா என்ற கேள்வி தமிழில் கூர்மையாக எழுந்த இடம் அது.

ஈழத்துத் தமிழரின் அனுபவம் ஜேம்ஸின் நூலுக்கு வெகு அருகில் சென்றதும் உண்டு. மானிப்பாயை வேராகக் கொண்ட குடும்பத்தவரான பொன்னம்பலம் அருணாசலம், கேம்பிரிட்ஜில் பழகிய நண்பரான ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் கார்பென்டரை 1890இல் இலங்கைக்கு அழைத்து, குருநாகலில் வாழ்ந்த இராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் கொண்டுசென்றார். கார்பென்டர் அந்தச் சந்திப்பைப் பற்றி 1892இல் எழுதினார். பிரபஞ்ச உணர்வு பற்றிக் கனடிய மருத்துவர் பக் 1901இல் வெளியிட்ட நூலில் கார்பென்டருக்குத் தனி இடம் உண்டு. ஜேம்ஸ் பக்கின் எழுத்திலிருந்தும் விவேகானந்தரின் இராஜயோகத்திலிருந்தும் எடுத்தாண்டார். அந்த விவேகானந்தர் 1897 ஜனவரியில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றிப் பேசியிருந்தார். அருணாசலத்தின் தமையன் இராமநாதன் 1905–06இல் அமெரிக்காவில் ஆன்ம வளர்ச்சி பற்றிச் சொற்பொழிவாற்றினார். இந்தத் தொடர்பை முழுமையாக எழுதும் நூல் ஒன்று தமிழுக்கு வேண்டும்.

எல்லாவற்றிலும் வளமான களம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் தேரடி. கடையிற் சுவாமி, செல்லப்பா சுவாமி, யோகர் சுவாமி என்று வரும் பரம்பரை நூலெழுதி நிலைபெற்றதன்று. செல்லப்பரை ஊர் ‘விசர்’ என்றது. ஞானியின் நிலையை நரம்புக் கோளாறு என்று தள்ளிவிடும் போக்கை ஜேம்ஸ் தம் முதற் சொற்பொழிவிலேயே மறுத்தார். பிறந்த இடத்தைக் கொண்டு கருத்தை எடைபோடாதே, அது தரும் கனியைப் பார் என்றார். செல்லப்பர் தந்த கனி யோகர் (1872–1964). கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் களஞ்சியக் காப்பாளராக இருந்த அவர், செல்லப்பரைக் கண்டபின் வேலையைத் துறந்து, கொழும்புத்துறை இலுப்பை மரத்தடியிலும் பின்னர் ஒரு கொட்டிலிலும் வாழ்ந்தார். அப்புக்காத்துமாரும் கமக்காரரும் ஆசிரியரும் அங்கே போனார்கள். சிலர் ஏச்சு வாங்கினார்கள், சிலர் பாட்டுக் கேட்டார்கள். செல்லப்பர் விட்டுச் சென்ற நான்கு வாக்கியங்களில் ஒன்று, ‘நாம் அறியோம்.’ அனுபவத்தின் உச்சியில் நின்று எந்தக் கோட்பாட்டையும் பிறர்மேல் திணிக்காத இந்த அடக்கத்தை ஜேம்ஸ் மனமார வரவேற்றிருப்பார். ஞான அனுபவம் பெற்றவருக்கு அது பிரமாணம், பிறரைக் கட்டுப்படுத்தாது என்பதே அவருடைய முடிபும்.

ஆயினும் தேரடி மரபு ஜேம்ஸை இரண்டு இடங்களில் திருத்துகிறது. ஞான அனுபவம் கணநேரத்தது என்றார் அவர். இம்மரபோ வந்து போகும் பரவசத்தைப் பெரிதாகக் கொள்வதில்லை. நடக்கும்போதும் உண்ணும்போதும் குலையாத இயல்புநிலையே அதற்கு முக்கியம். சமயம் தனிமனிதர் தம் தனிமையில் உணர்வது என்று ‘வகைகள்’ நூலில் வரையறுத்தார். இங்கே அனுபவம் குருவுக்கும் சீடனுக்கும் இடையில் நிகழ்கிறது. உறவும் அனுபவமே என்ற அவருடைய பிற்காலக் கொள்கையைக் கொண்டே அவருடைய முற்கால வரையறையின் குறையைக் காட்டலாம். அதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

மொழியும் மரபும் கலவாத தூய அனுபவம் என்று எதுவும் இல்லை எனச் சமய ஆய்வாளர்களான ஸ்டீவன் காட்ஸ் 1978இலும், விளக்கம் அனுபவத்துக்கு உள்ளேயே இருக்கிறது என வேய்ன் பிரவுட்ஃபுட் 1985இலும் எழுதினர். இக்கண்டனம் வலிமையானது. அதே வேளையில், அதைச் சோதிக்கவும் கொழும்புத்துறை ஏற்ற இடம். கத்தோலிக்கக் கல்லூரியில் படித்த யோகரிடம் சைவர், கிறிஸ்தவர், மேலைநாட்டவர் எனப் பலரும் வந்தனர். அவரவர் கொண்டுவந்த மரபு அவரவர் கண்டதை எப்படி உருவாக்கியது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

இலங்கையின் உள்நாட்டுப் போர் இக்களத்தை வேறு திசையிலும் விரித்தது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட நூல் போரின் உளக்காயங்களைப் பதிவு செய்தது. மந்திர உச்சாடனம், செபமாலை, தியானம் முதலிய மரபு முறைகளை அவரவர் சமயத்துக்கேற்பச் சிகிச்சையில் அவர் பயன்படுத்தினார். செல்வச் சன்னிதி முருகன் கோயிலில் காவடி எடுப்பவரின் அனுபவத்தையும், உருவேறி ஆடும் பெண்ணின் அனுபவத்தையும் நோய் என்றோ மூடநம்பிக்கை என்றோ முடிவுகட்டுமுன் அவர்கள் வாய்மொழியைக் கேட்க வேண்டும். ஞானியின் அனுபவத்துக்கு ஒரு நீதி, காவடி எடுப்பவரின் அனுபவத்துக்கு வேறு நீதி என்பது அனுபவவாதம் ஆகாது.

ஜேம்ஸின் நூல் உருவாக ஸ்டார்பக் என்ற ஆய்வாளர் வினாக்கொத்து அனுப்பித் திரட்டிய கையெழுத்துச் சான்றுகள் பேருதவியாயின. எங்களிடம் அத்தகைய திரட்டு இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1995இல் போரால் குடாநாட்டின் பெரும்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். வீடுகளிலிருந்த கடிதங்களும் குறிப்பேடுகளும் போயின. யோகரை நேரில் கண்டவர்களுள் இளையவர்களுக்கும் இப்போது அறுபது வயது கடந்துவிட்டது. இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி வளவில் எழுந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இந்த வேலையைத் தன் பொறுப்பாக ஏற்க வேண்டும். மெய்யியல், சைவசித்தாந்தம், உளவியல் ஆகிய துறைகள் கூடி, எல்லாச் சமயத்தவர் வாய்மொழியையும் தமிழிலேயே பதிவு செய்யட்டும். வாசகர்களும் தம் வீட்டு முதியவரிடம் கேட்டு, அவர் சொல்வதைச் சொன்னபடியே திகதியிட்டு எழுதி வைக்க வேண்டும். விளக்கம் பின்னர் வரலாம். சாட்சி போனால் திரும்பாது.