ஓசையை நிறுத்தினால் போதுமா?

காது கேளாத ஒருவரைக் கதைக்குள் வைப்பது ஒன்று. அவர் நிற்கும் இடத்தில் நின்று கதையைச் சொல்வது மற்றொன்று. நம் திரைப்படங்கள் முன்னதைப் பலமுறை செய்திருக்கின்றன. பின்னதை மிக அரிதாகவே முயன்றிருக்கின்றன. இவ்வேறுபாட்டைச் சில படங்களையும் ஒரு தொலைக்காட்சித் தொடரையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராயும்போது ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள தொழிற்பகுதியை மனத்தில் கொள்ள விரும்புகிறேன். நாள்தோறும் பேரிரைச்சலின் நடுவே நின்று பிழைக்கும் மக்கள் அங்குத் திரளாக வாழ்கிறார்கள். அவர்களிடையே பணிபுரியும் ஆயர்களும் நாளை பணிபுரியப்போகும் மாணவர்களும் இவ்விதழின் வாசகர்கள். கதை சொல்லும் முறை பற்றிய இந்தக் கேள்வி அவர்களுக்குக் கலைவிமரிசனத்தோடு முடிந்துவிடுவதில்லை.

குல்சார் 1972இல் இயக்கிய 'கோஷிஷ்' என்னும் இந்திப் படத்தில் சஞ்சீவ் குமாரும் ஜெயா பாதுரியும் கேளாத, பேசாத தம்பதியராக நடித்தனர். 1977இல் அது 'உயர்ந்தவர்கள்' என்ற பெயரில் கமல்ஹாசன், சுஜாதா நடிப்பில் தமிழுக்கு வந்தது. இக்கதையின் இரண்டு காட்சிகளை ஒப்பிட்டு நோக்குவது பயன்தரும். முதற்காட்சியில் இரவு மழையில் குழந்தை வெளியே தவழ்ந்து சென்று இறந்துபோகிறது. நமக்குத் தெரிகிறது, உறங்கும் பெற்றோருக்குத் தெரியவில்லை. நாம் அவர்களுக்கு மேலே, எல்லாம் அறிந்தவர்களாக அமர்ந்திருக்கிறோம். நம் இரக்கம் அந்த உயரத்திலிருந்தே இறங்கி வருகிறது. இரண்டாம் காட்சியில், அடுத்துப் பிறந்த குழந்தையின் காதருகே தகப்பன் கிலுகிலுப்பையை ஆட்டுகிறான். குழந்தை திரும்பவில்லை. தம் குறை குழந்தைக்கும் வந்துவிட்டதென்று கலங்கி மருத்துவரிடம் ஓடுகிறார்கள். கிலுகிலுப்பைக்குள் மணிகளே இல்லை என்பது பிறகு தெரிகிறது. அது ஒலிக்கவில்லை என்பதைக் கேட்கும் காதுள்ள நாம் உடனே கவனித்திருக்க வேண்டும். தகப்பனின் பதற்றத்தில் அகப்பட்டு நாமும் தவறவிடுகிறோம். அந்தச் சில நிமிடங்களுக்கு அவன் அறிந்த அளவே நாமும் அறிந்தவர்கள். படத்தில் நான் மிக உயர்வாக மதிப்பது இக்காட்சியையே.

கேளாதவர் பார்வை என்பது இதுதான் என்று நான் கருதுகிறேன். ஒலியை அடைப்பது அதில் ஒரு கூறு மட்டுமே. யார் எதை, எப்போது, எதன்வழியாக அறிகிறார் என்பதே அதன் சாரம்.

இவ்வளவுகோலைக் கொண்டு ராதாமோகனின் 'மொழி'யை (2007) அணுகினால், அன்பாகச் செய்யப்பட்ட அந்தப் படத்தின் எல்லையும் தெரிகிறது. ஜோதிகா ஏற்ற அர்ச்சனா என்னும் பாத்திரத்திற்குச் சினமும் தன்மானமும் நகைச்சுவையும் உண்டு. இரங்கத்தக்க பொருளாக அவள் காட்டப்படவில்லை. அது சிறிய சாதனையன்று. ஆயினும் அவள் கைகளால் சொல்வதைத் தோழி வாயால் சொன்ன பிறகே அது நம்மை எட்டுகிறது. கதை கேட்கும் ஆணின் காதல் கதை, அவனோ இசைக்கலைஞன். அவள் அவனுக்கு ஒரு புதிர். அவளுக்கு அவன் எப்படித் தோன்றுகிறான் என்பதற்குப் படத்தில் இடம் குறைவு. சைகையைத் தனக்கென இலக்கணமுடைய மொழியாக எண்ணாமல், வாய்ப்பேச்சுக்கு மாற்றாக மட்டும் எண்ணுவது நம் பழைய வழக்கம். இதில் நமக்கும் பங்குண்டு. பாளையங்கோட்டையில் ஸ்வைன்சன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளியைத் திருச்சபை பெருமையோடு நினைவுகூர்வது தகும். ஆனால் அதே காலத்தில், 1880ஆம் ஆண்டு மிலான் மாநாட்டுக்குப் பின், கைகளை அடக்கி உதடுகளைப் பழக்குவதே செவிடர் கல்வி என்ற கொள்கை உலகெங்கும் பரவியது. இந்தியப் பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல.

1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'பேசும் படம்' இங்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அதில் வசனம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் காது கேட்கிறது. திரையரங்கின் அருகே குடியிருந்து பழகிய நாயகன், அமைதியான விடுதி அறையில் உறக்கம் வராமல், அந்தத் திரையரங்கச் சத்தத்தையே ஒலிநாடாவில் பதிந்துவந்து கேட்டு உறங்குகிறான். இரைச்சல் மனிதனுக்குள் எப்படிக் குடியேறிவிடுகிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான கேலி இல்லை. ஆயினும் இது பேச்சை நீக்கிய படமேயன்றிக் கேளாதவரின் படம் அன்று.

கார்த்திக் சுப்புராஜின் 'மெர்க்குரி' (2018) நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. ஒரு தொழிற்சாலையின் பாதரச நஞ்சால் கேள்வியும் பேச்சும் இழந்த ஐந்து நண்பர்கள், வசனமே இல்லை. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் நினைவு எழாமல் இப்படத்தைப் பார்க்க இயலாது. கேளாதவர்களைத் துரத்துகிறவன் பார்வையற்றவன். ஓசையைக் கொண்டே அவர்களைத் தேடுகிறான். தாம் எழுப்பும் ஓசையைத் தாமே அறியாதவர்கள் அவர்கள். கருத்தளவில் இது அபாரமானது. ஆனால் இயக்குநர் அதை நமக்குக் கேட்கக் கொடுத்துவிடுகிறார். ஒவ்வொரு உராய்வும் நம் காதில் விழுகிறது. சந்தோஷ் நாராயணனின் இசை அச்சத்தை முன்னறிவிக்கிறது. மழையில் தவழ்ந்த குழந்தையின் காட்சியில் இருந்த அதே உயரத்தில் மீண்டும் ஏறி அமர்கிறோம். அங்கு இரங்கினோம், இங்கு அஞ்சுகிறோம். தவிர, உடற்குறையைப் பேய்க்கதையோடு பிணைக்கும் பழைய பழக்கத்தை இப்படமும் விட்டபாடில்லை.

இவ்வுயரத்திலிருந்து பார்வையாளரை இறக்கிய முயற்சி ஒன்று அமெரிக்கத் தொலைக்காட்சியிலிருந்து வந்தது. 'ஒன்லி மர்டர்ஸ் இன் தி பில்டிங்' என்னும் தொடரின் முதற்பருவத்து ஏழாம் பகுதி 2021 செப்டம்பரில் வெளியானது. ஒரே கட்டடத்தில் வாழும் மூவர் ஒரு கொலையைத் துப்பறிந்து, அதை ஒலிவடிவில், பாட்காஸ்டாக, உலகுக்குச் சொல்கிறார்கள். முழுத்தொடரும் குரலின்மேல் கட்டப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழாம் பகுதி திடீரென்று அதே கட்டடத்தில் வாழும் தியோ என்னும் கேளாத இளைஞனிடம் செல்கிறது. அப்பகுதியில் பேச்சொலி ஏறக்குறைய இல்லை. சுற்றுப்புற ஓசைகள் மங்கிவிடுகின்றன. தந்தையும் மகனும் கைகளால் பேசுவது திரையின் அடியில் எழுத்தாக வருகிறது. அதுவரை வாயோயாமல் பேசிய மூவரும் இப்போது வாயசைக்கும் உருவங்கள் மட்டுமே. கதையின் இரகசியம் அனைத்தும் தியோவிடம் இருக்கிறது. கேட்கும் நாம்தான் பின்தங்கியவர்கள். அவன் நல்லவனாகவும் காட்டப்படவில்லை. தந்தையின் வற்புறுத்தலால் இறந்தோரின் நகைகளைத் திருடுகிறவன் அவன். ஒரு பெண்ணின் சாவில் அவனுக்குப் பங்குண்டு. கேளாதவருக்குப் பாவம் செய்யும் உரிமையைக்கூடக் கொடுக்காத நம் படங்களை எண்ணும்போது இது முக்கியமானது. நடித்த ஜேம்ஸ் கேவர்லியும் காது கேளாதவரே. அப்பகுதியிலும் இசை முற்றாக நீங்கவில்லை. கேட்கும் பார்வையாளருக்கு அளித்த சலுகை அது எனலாம்.

நம் தமிழ்த் தொடர்களில் இத்தகைய ஒரு பகுதி எளிதில் வந்துவிடாது. காரணம், நெடுந்தொடரின் கதையை நகர்த்துவதே ஒட்டுக்கேட்டல். ஒருத்தி கதவின் பின்னே நிற்கிறாள். உள்ளே பேசுவது அவள் காதில் விழுகிறது. இசை மும்முறை அதிர்கிறது. ஐம்பது நாள் கதை கிடைத்துவிடுகிறது. கேளாத ஒருத்தியை நடுநாயகமாக வைத்தால் இந்த எந்திரம் நின்றுவிடும். அவள் கதவின் பின்னே நிற்பதில் பயனில்லை. எதிரே நிற்க வேண்டும், வெளிச்சம் வேண்டும், பேசுகிறவர் முகத்தைத் திருப்பாமல் இருக்க வேண்டும். கதைக்காரர் புதிதாகச் சிந்திக்க நேரும். தூர்தர்ஷன் 1987 முதல் சைகைமொழியில் வாராந்தரச் செய்தி வழங்கியது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் கேளாதோர் பின்தொடர்வதற்கான தரவிதிகளை 2019இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்டது. இவை கேளாதவரைப் பார்வையாளராக மதிக்கும் ஏற்பாடுகள். கதை சொல்பவராக அவரை ஏற்பது இன்னும் தொலைவில் இருக்கிறது.

திருமறையை இவ்வளவுகோலிலிருந்து விலக்கி வைக்க வேண்டியதில்லை. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் கேளாத மனிதன் ஒருவன் இயேசுவிடம் கொண்டுவரப்படுகிறான். தொடக்கமும் முடிவும் கூட்டத்தாரின் பார்வையில் உள்ளன: அவர்கள் கொண்டுவருகிறார்கள், அவர்கள் வேண்டுகிறார்கள், அவர்கள் வியக்கிறார்கள். நடுவிலுள்ள இரண்டு வசனங்கள் மட்டும் வேறு. கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துச் செல்லுதல், காதுகளில் விரல், நாவில் தொடுதல், வானத்தை நோக்கிய கண், பெருமூச்சு. ஒவ்வொன்றும் கேளாதவன் தொட்டும் கண்டும் அறியக்கூடியது. அவன் அறியும் வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கிறது. பெருமூச்சையும் மார்பின் அசைவால் அவன் கண்டிருப்பான். 'எப்பத்தா' என்ற சொல் அதன் பிறகே வருகிறது. உமிழ்நீரைப் பற்றி உரையாசிரியர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்த வரிசையைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. அற்புதக் கதையாக மட்டும் இப்பகுதியைப் பிரசங்கிக்கும்போது நாம் கூட்டத்தாரோடு நின்றுவிடுகிறோம்.

இனித் தொழிற்பகுதிக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006இல் வந்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ-நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என ஆலைகள் வரிசையாக எழுந்தன. இவற்றைச் சூழ்ந்து உதிரிபாகம் செய்யும் சிறு ஆலைகள் பல. இரும்புத் தகடுகளை அழுத்தி வடிக்கும் பிரஸ் எந்திரங்களின் அருகே மனிதக் குரல் பயன்படாது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகளில் இருந்த வரம்பு. 85ஐத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. இரைச்சலால் வரும் கேள்வியிழப்பை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 1987இன் திருத்தத்திற்குப் பின், அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகக் கொண்டிருந்தது.

அவ்விழப்பு வரும் விதம் கதைசொல்லிகள் கருத்தில் கொள்ளத்தக்கது. உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் மெல்ல மடிகின்றன, மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது உயர்ந்த அதிர்வெண்கள், 4,000 ஹெர்ட்ஸை ஒட்டியவை. ஆகவே உயிரோசைகள் கேட்கும். ச, த, க போன்ற வல்லின ஓசைகள் நழுவும். எதிரே இருப்பவர் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார் என்பது புரிவதில்லை. வீட்டார் அதைக் கவனக்குறைவு என்கிறார்கள். கூடவே ஓயாத ரீங்காரம். ஆகையால் இவருடைய கதையை நிசப்தமாகக் காட்டுவதும் பொய்யாகிவிடும். டேரியஸ் மார்டரின் 'சவுண்ட் ஆஃப் மெட்டல்' (2019) கேள்வியிழந்த இசைக்கலைஞன் ஒருவனுக்கு உலகம் எப்படிச் சிதைந்து ஒலிக்கிறது என்பதைக் கேட்கச் செய்தது. அதற்குச் சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது பொருத்தமே.

ஒரகடத்துக் கதை ஒன்றை யாரேனும் எடுப்பதாயிருந்தால், அதன் முதன்மைப் பாத்திரமாக நான் தேர்வது பிறவியிலேயே கேளாத ஓர் இளம் பெண் தொழிலாளியை. பிரஸ் எந்திரங்களின் நடுவே அவளுக்குக் குறை இல்லை. எல்லாரும் காதடைப்பான் அணிந்திருக்கிறார்கள். எல்லாரும் கையசைத்தே பேசுகிறார்கள். எந்திரத்தின் மேலுள்ள சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகள் எல்லாருக்கும் ஒன்றையே சொல்கின்றன. அங்கு அவள் மற்றவர்களைவிடத் தேர்ந்தவள். ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்தில் ஏறியதும் தோழியர் காதடைப்பான்களைக் கழற்றுகிறார்கள், சிரிக்கிறார்கள்; அவள் மட்டும் அந்நியள் ஆகிறாள். இரைச்சல் நின்ற இடத்தில் அவளுடைய தனிமை தொடங்குகிறது. அவளருகே அமர்ந்திருக்கும் நாற்பது வயது மேற்பார்வையாளர் சிரிப்பது ஒரு நொடி தாமதமாக இருப்பதை அவள் மட்டும் காண்கிறாள். மற்றவர் முகம் பார்த்தே அவர் சிரிக்கிறார். அவருக்குக் கேள்வி போய்க்கொண்டிருக்கிறது. அதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் காரணமாக இருக்கலாம். இந்த இரகசியத்தை எந்த ஒட்டுக்கேட்டலும் வெளிக்கொண்டுவர முடியாது; கேளாதவளின் கண் மட்டுமே அதை அறியும்.

இதைப் படமாக்குவதில் இரண்டைச் சொல்லலாம். அவளாக நடிப்பவர் கேளாதவராகவும் இந்தியச் சைகைமொழியில் வளர்ந்தவராகவும் இருத்தல் நலம். அடுத்தது எழுத்து. அவள் கைகள் பேசுவது முழுவதும் தமிழில் திரையின் அடியில் வரட்டும். மற்றவர் பேசுவதில் அவள் உதடுகளிலிருந்து பிடித்த சொற்கள் மட்டும் வரட்டும். மேற்பார்வையாளர் கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசும்போது அங்கு எழுத்து எதுவும் வரக்கூடாது. அவர் என்ன சொன்னார் என்பது கதை முடிந்த பிறகும் நமக்குத் தெரியக்கூடாது.